மீசைக்காரன் ஏன் தோத்தான்?

போன பொங்கலுக்கு பெங்களூருல இருந்து வந்த மச்சான் என் பையனுக்கு ஒரு கையடக்க வீடியோ கேம் வாங்கிட்டு வந்தார். மேலே "400 இன் 1" என்று எழுதியிருக்கும், ரோட்டோரக் கடையில தொங்குற சீனா சாமான். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு என் கையில கொடுத்துட்டான். சுவிட்சைப் போட்டேன். பட்டியல்ல முதல் பேரே மரியோ.

கட்டைவிரல் தானா நகர ஆரம்பிச்சது. காளான் எந்தப் பெட்டியில இருக்கு, எத்தனாவது குழாய்க்குள்ள இறங்கினா கீழ காசு குவிஞ்சு கிடக்கும் (நாலாவது), எல்லாம் விரலுக்கு ஞாபகம் இருக்கு. மூணாம் வகுப்பு வாய்ப்பாடு மறந்து போச்சு, இது மறக்கல. பையன் பக்கத்துல நின்னு ஒரு பத்து நிமிஷம் பார்த்தான்.

"இவன் எதுக்குப்பா ஓடுறான்?"

"இளவரசியைக் காப்பாத்த."

"எப்ப வருவா?"

"எட்டாவது உலகத்துல, நாலாவது கட்டத்துக் கோட்டையில."

"அதுவரைக்கும் இவனுக்கு இதே டிரெஸ்தானா?"

சொல்லிட்டு அவன் போனை எடுத்துட்டு வெளிய போயிட்டான். நான் கையில பெட்டியோட உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் அவமானமாவே இருந்துச்சு, நான்தான் அந்த மீசைக்காரன் மாதிரி.

என் வயசுக்காரங்ககிட்ட கேட்டா ரெண்டு காரணம் சொல்லுவாங்க. படம் பழசு, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பிடிக்காது. இல்லன்னா, இந்தக் காலத்துப் பசங்களே சரியில்ல. எனக்கு ரெண்டுலயும் உடன்பாடு இல்ல. பழசானதுனால தோத்தான்னா உலகம் முழுக்கத் தோத்திருக்கணும். 2023-ல வந்த மரியோ சினிமா 130 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணுச்சு. நிண்டெண்டோ கம்பெனியோட ஸ்விட்ச் பெட்டி 14 கோடிக்கும் மேல வித்திருக்கு. ஜப்பான்ல, அமெரிக்காவுல அவன் இன்னும் ராஜாதான். ஜவளகிரியிலதான் அவனை யாருன்னு கேட்கிறாங்க. அப்ப காரணத்தையும் இங்கேயே தேடணும்.

அவன் கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன். 1981-ல டாங்கி காங் என்ற விளையாட்டுல ஒரு தச்சனா வந்தான். அப்ப அவனுக்கு முறையான பேர் கூடக் கிடையாது, தாவுற ஆள்னு ஜம்ப்மேன்னு சொன்னாங்க. உருவாக்கினவர் மியாமோட்டோ. அன்னைக்கு இருந்த நாலு புள்ளி திரையில வாய் வரைய முடியாதுன்னு மீசை, தலைமுடி வரைய முடியாதுன்னு தொப்பி, கை அசையறது தனியா தெரியணும்னு தோள்பட்டை வச்ச கால்சட்டை. அழகுக்காக எதுவும் இல்ல, எல்லாம் வசதிக்காக. நம்ம கொல்லைப் பொம்மைக்கு சட்டிதான் தலை, கிழிஞ்ச சட்டைதான் உடம்பு, அந்த மாதிரி. மரியோங்கிற பேரு, அமெரிக்காவுல அவங்க கிடங்கு வச்சிருந்த கட்டடத்தோட சொந்தக்காரர் பேரு. அப்புறம் குழாய் ரிப்பேர்காரனா மாறினான், 1985-ல சூப்பர் மரியோ பிரதர்ஸ் வந்துச்சு. எட்டு உலகம், ஒவ்வொன்னுலயும் நாலு, மொத்தம் 32 கட்டம். எல்லாத்தையும் 40 கிலோபைட்டுக்குள்ள அடக்கிட்டாங்க. தினம் காலையில உங்க வாட்ஸ்அப்புக்கு வர்ற ஒரு ரோஜாப்பூ படம் அதைவிடப் பெருசு. இடம் பத்தாம, மேகத்துக்கு வரைஞ்ச அதே உருவத்துக்குப் பச்சைச் சாயம் பூசிப் புதராக்கியிருக்காங்க. அடுத்த தடவை பார்த்தா கவனிங்க.

குழாய்க்குள்ள இறங்கினா காசு கிடைக்கும்னு நம்பின தலைமுறை நாங்க. வளர்ந்து வந்து போர் போட்டப்பத்தான் தெரிஞ்சுது, எங்க பக்கம் குழாய் பூமிக்குள்ள இறங்கினா காசும் கூடவே இறங்கிடும்னு. அது வேற கதை.

எங்க ஊருக்கு மரியோ திருட்டுத்தனமாத்தான் வந்தான். ஓசூர் ஃபேக்டரியில வேலை பார்த்த எங்க சித்தப்பா, 90-கள்ல பெங்களூர் மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டுல இருந்து ஒரு டிவி கேம் வாங்கிட்டு வந்தார். நிண்டெண்டோ பெட்டியைப் பார்த்துக் காப்பியடிச்ச பெட்டி. கேசட் மேல "9999999 இன் 1". திறந்து பார்த்தா நாலே நாலு கேம், அதையே வேற வேற நம்பர் போட்டு அடுக்கி வச்சிருப்பான். மரியோ, காண்ட்ரா, வாத்து சுடறது, அப்புறம் டாங்கி. கேசட் ஓடலன்னா கழட்டி ஊதணும். ஊதினா ஏன் சரியாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

ஊர்ல டிவி இருந்ததே ரெண்டு மூணு வீட்டுல. ஞாயித்துக்கிழமை சித்தப்பா வீட்டுத் திண்ணை வரைக்கும் ஆள் இருக்கும். ஆடுறவன் ஒருத்தன், பார்க்கிறவங்க இருபது பேர். ஒரு உயிர் போச்சுன்னா கைமாத்தணும், அதுதான் சட்டம். என் அம்மாவும் சித்தியும் அவரை உரிச்சுக்கிட்டே வாசல்ல இருந்து பார்ப்பாங்க. அம்மாவுக்கு அவன் பேரு "மீசைக்காரன்". பள்ளம் வரும்போதெல்லாம் "குதி, குதி"ன்னு கத்துவாங்க, தெலுங்குல பாதி, தமிழ்ல பாதி. முதல் உலகத்துல ரெண்டாவது கட்டத்துக்கு மேல்கூரை மேலயே ஏறி ஓடினா ரகசியக் குழாய் இருக்கு, நேரா நாலாவது உலகத்துக்குப் போகலாம்னு ஓசூர்ல படிச்ச ஒரு பையன் வந்து சொன்ன நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு அவனுக்கு ஊர்ல கிடைச்ச மரியாதை பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடைச்சதில்ல.

2006-க்கு அப்புறம் கலைஞர் ஆட்சியில இலவச கலர் டிவி வந்துச்சு. 14 இஞ்ச். வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் சந்தையில மலிவான டிவி கேம் பெட்டிகளும் வந்துடுச்சு. மரியோவுக்கு எங்க பக்கம் அதுதான் பொற்காலம். தமிழ்நாட்டு அரசாங்கம் அவனுக்கு மேடை போட்டுக் கொடுத்ததுன்னு ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல! அப்புறம் மின்வெட்டு வந்துச்சு. அந்தக் கேமுல விட்ட இடத்தைச் சேமிச்சு வைக்க வழி கிடையாது. கரண்ட் போனா மறுபடி முதல் உலகம், முதல் கட்டம். 2012 வாக்குல பாதி நாளுக்கு மேல கரண்ட் இருக்காது. இளவரசியைப் பார்க்காமலே எங்க ஊர்ல ஒரு தலைமுறை பெரிசாயிடுச்சு. நானும் இதுவரைக்கும் அவளைப் பார்த்ததில்ல.

இங்கதான் நான் சொல்ல வர்ற விஷயம் இருக்கு. மரியோ மாதிரி ஒரு பொம்மையை அந்தக் கம்பெனிகள் வளர்த்தது பெட்டி விக்கிறதுக்கு. ஓனிடா டிவிக்கு கொம்பு வச்ச பூதம் இருந்த மாதிரி. நிண்டெண்டோவுக்கு மரியோன்னா, போட்டிக் கம்பெனி சேகா 1991-ல சோனிக்னு ஒரு நீல முள்ளெலியை இறக்குச்சு. 2001-ல சேகா பெட்டி செய்யறதையே நிறுத்திடுச்சு. அந்த வருஷமே சோனிக் போட்டிக்காரன் நிண்டெண்டோ பெட்டியிலயே வந்து ஓட ஆரம்பிச்சுட்டான். கொல்லை போச்சுன்னா பொம்மை அடுத்தவன் கொல்லையில நிக்க வேண்டியதுதான். மரியோவோட கொல்லை இன்னும் இருக்கு, ஆனா அதுக்கு நம்ம ஊர்ல வரப்பே போடல. ஸ்விட்ச் பெட்டி இந்தியாவுல முறையா வெளியிடப்படவே இல்ல. வெளிநாட்டுல இருந்து வந்ததை 25, 30 ஆயிரம் கொடுத்து நகரத்துல வாங்கலாம். அந்தக் காசுக்கு நான் ஒரு கிடாரி வாங்குவேன். காப்பிப் பெட்டியில வந்தவன், அந்தப் பெட்டி பழைய இரும்புக்காரன்கிட்ட போனப்ப கூடவே போயிட்டான். அவனைத் திரும்பக் கூட்டிட்டு வர யாருக்கும் அவசியம் இல்ல.

ஒரு தடவை வாய்ப்பு வந்துச்சு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தது. அதே வருஷம் டிசம்பர்ல சூப்பர் மரியோ ரன் போனுக்கு வந்தது, முதல்ல ஐபோனுக்கு மட்டும். இன்னைக்கு ஐபோனுக்கு மேல்கூடு செய்யற டாடா ஆலைக்கு எங்க பக்கத்துப் பொண்ணுங்க வேன்ல போய் வேலை பார்க்கிறாங்க, ஆனா அன்னைக்கு ஊர்ல ஐபோனைக் கண்ணால பார்த்தவன் கிடையாது. சாதா போனுக்கு அது 2017 மார்ச்சுல வந்துச்சு. கொஞ்சம் இலவசமா ஆடலாம், மீதிக்கு மொத்தமா ஒரே தடவை காசு கட்டணும். நேர்மையான வியாபாரம்தான். பத்து வயசுப் பையன்கிட்ட ஏது கார்டு?

அந்த இடத்துல துப்பாக்கி கேமுங்க நுழைஞ்சுது. முதல்ல ஒரு பைசா கேட்காது. தக்காளி போடுறவங்களுக்கு இது புரியும். விதை, உரம், அட்வான்ஸ் எல்லாம் மண்டிக்காரர் முன்னாடியே கொடுப்பார், சிரிச்சு டீ வாங்கித் தருவார். காய் வந்தப்புறம் விலை அவர் சொல்றதுதான். மரியோ ரொக்கக் கடை, இவங்க மண்டி. என் பையன் ஆடுறது எதுன்னு பேர் சொல்ல வேணாம். ராகி வித்த பணத்துல 1,840 ரூபாய், பத்தும் இருபதுமா, அம்மா போன்ல இருந்து போயிருந்துச்சு. எதுக்குடான்னா, டிரெஸ்ஸாம். ஒரு ஜாக்கெட்டு, ஒரு முகமூடி, துப்பாக்கிக்கு ஒரு சாயம். நிஜத்துல அவன் போட்டிருந்த சட்டையில ரெண்டு பட்டன் இல்ல.

அன்னைக்கு அவனைத் திட்டினேன், அடிக்கக் கை ஓங்கினேன். இப்ப யோசிச்சா, "இதே டிரெஸ்தானா"ன்னு கேட்டானே, பதில் அதுக்குள்ளயே இருக்கு. நாங்க இன்னொருத்தனை ஆட வச்சுப் பார்த்தோம். இருபது பேருக்கும் ஒரே மீசைக்காரன். இவனுக்கு இன்னொருத்தன் தேவையில்ல, இவனே அந்தத் திரைக்குள்ள இருக்கணும், இவன் பேரோட, இவன் வாங்கின சட்டையோட. ஒவ்வொரு பையனும் தனக்குத் தானே பொம்மை. அப்படி இருக்கும்போது கம்பெனிக்கு எதுக்குத் தனியா ஒரு மீசை? 2020-ல பப்ஜியை அரசாங்கம் தடை பண்ணுச்சு, 2022-ல ஃப்ரீ ஃபயரையும் தடை பண்ணுச்சு. எங்க ஊர்ப் பசங்க யாரும் ஒரு நாள் துக்கம் கூட வைக்கல, அடுத்ததுக்குத் தாவிட்டாங்க. நினைச்சு அழ அங்க ஒரு முகம் இல்ல.

அவனுங்களுக்கு நாயகனே இல்லன்னும் சொல்ல முடியாது. யூடியூப்ல ஆடிக்கிட்டே தமிழ்ல பேசுற பசங்கதான் இப்ப நாயகன். வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுற எங்க பசங்க அவங்களைப் பார்த்து மதுரைத் தமிழ் பேசறாங்க. மரியோ எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. டொய்ங்னு குதிப்பான், அவ்வளவுதான். அந்த வகையில இவங்க ஜெயிச்சது நியாயம்னுதான் தோணுது.

எனக்கு வருத்தம் மரியோ போனதுல இல்ல, அந்த இருபது பேர் போனதுல. ஐப்பசி கார்த்திகைன்னா பன்னேர்கட்டா பக்கத்துல இருந்து யானைக் கூட்டம் எங்க காட்டுக்கு வந்துடும். ராகி கதிர் முத்துற வரைக்கும் பரண் மேல ராத்திரிக் காவல். கர்நாடக டவர் பரண் மேலதான் நல்லா கிடைக்கும், அதனால பையன் கூப்பிடாமலே வருவான். வந்து காதுல ஹெட்செட்டை மாட்டிக்குவான். போன வருஷம் ஒருநாள் நான் கீழ இறங்கி நெருப்பைக் கிளறிட்டு இருந்தேன். தெற்கு வரப்புல மூங்கில் முறியற சத்தம். மேல பார்த்துக் கத்தறேன், டார்ச் அடிடான்னு. அவனுக்குக் கேட்கல. பக்கத்துக் கொல்லைக்காரங்க பட்டாசு போட்டதால ஒத்தைக் கொம்பன் திரும்பிட்டான். அரை ஏக்கர் ராகி போச்சு, அதோட விட்டுது.

மறுநாள் காலையில சொன்னேன், பரண்ல போன் பார்த்துக்கோ, ஹெட்செட் கூடாதுன்னு.

"ஹெட்செட் இல்லன்னா எதிரி நடந்து வர்ற சத்தம் கேட்காதுப்பா" என்றான். விளையாட்டாச் சொல்லல, நிஜமாவே அதுதான் அவன் கஷ்டம். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தையும் கலக்குச்சு. இப்ப ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிறதுன்னு ஒப்பந்தம்.

அந்த 400 இன் 1 பெட்டி டிவி ஸ்டாண்டு மேல தூசி பிடிச்சுக் கிடந்துச்சு. போன வாரம் மழையில கரண்டும் இல்ல, டவரும் இல்ல. சும்மா எடுத்து ஆடிட்டு இருந்தேன். அம்மா அவரை உரிச்சுக்கிட்டே எட்டிப் பார்த்தாங்க. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, "அந்த மீசைக்காரன் இன்னும் இருக்கானா?"ன்னாங்க. பக்கத்துல நகர்ந்து உட்கார்ந்துட்டாங்க. பள்ளம் வந்துச்சு. "குதி, குதி."

கத்தல் கேட்டுப் பையன் ரூம்ல இருந்து வந்து நின்னான். "என்ன அவ்வா?" என்றான். செத்ததும் பெட்டியை அவன்கிட்ட நீட்டினேன். சட்டம் அப்படி.