ஏட்டில் வளர்ந்த மாநிலம்

2010-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள், மலாக்கா 'வளர்ந்த மாநிலம்' என்று முரசறைந்து அறிவிக்கப்பட்டது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் மேம்பாட்டுக்குமான பன்னாட்டு அமைப்பின் குறியீடுகளே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட அக்குறியீடுகளுள் பெரும்பாலானவற்றில் மாநிலம் தேறிவிட்டது என்றார்கள். எந்த வினாக்களைக் கொண்டு தேர்வு நடத்துவது என்பதைத் தேர்வு எழுதுபவரே தெரிந்தெடுத்தால் முடிவு எப்படி அமையும் என்பதை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறியதால் லயத்தைக் காலி செய்த தமிழ்க் குடும்பம் எங்கே போயிற்று? இந்த ஒரு வினா அந்தத் தேர்வில் இல்லை. கேட்கப்படாத வினாவுக்கு மதிப்பெண் குறைவதும் இல்லை.

வட்டாரப் பொருளாதார வளர்ச்சி என்றும் பொதுக்கொள்கை என்றும் பெரும்பெயர் சூட்டிக்கொண்டு, கட்டணத்துக்கு எழுதப்படும் ஆலோசனை ஆய்வுகள் இன்று மலிந்துவிட்டன. அவை நிலத்தை எண்ணுகின்றன; நிலத்தின் விலையை எண்ணுகின்றன; நிலத்தில் வாழ்ந்தவனை எண்ணுவதில்லை. எண்ணப்படாதவன் திட்டத்தில் இடம் பெறுவதில்லை. திட்டத்தில் இடம் பெறாதவன் வரவுசெலவுக் கணக்கிலும் இடம் பெறுவதில்லை. மலாக்காத் தோட்டப்புறத் தமிழர்க்கு நேர்ந்தது இதுவே.

இவ்வாய்வுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை முதற்கண் அறிந்துகொள்ள வேண்டும். அரசாங்கமோ அதன் நிறுவனமோ ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துகிறது. எதை ஆராய வேண்டும், எந்த எல்லைக்குள் ஆராய வேண்டும், எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்பவை எல்லாம் ஒப்பந்தத்திலேயே வரையறுக்கப்பட்டு விடுகின்றன. ஆய்வாளர்கள் வருகிறார்கள், அலுவலகங்களில் உள்ள புள்ளிவிவரங்களைத் திரட்டுகிறார்கள், அதிகாரிகளையும் முதலீட்டாளர்களையும் பேட்டி காண்கிறார்கள், வண்ணப் படங்களுடன் தடித்த அறிக்கையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அறிக்கை தவறானால் அதன் விளைவைச் சுமப்பவர்கள் அவர்கள் அல்லர். நோயாளியின் நாடியைப் பிடிக்காமல், வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு மருந்து எழுதும் மருத்துவம் இது.

அறிக்கைகளின் பெரும் படைக்கலம் சராசரி. ஒரு தெருவில் பத்து வீடுகள் இருப்பதாகக் கொள்வோர், ஒன்பது வீடுகளில் மாத வருமானம் ஆயிரம் வெள்ளி என்றும், பத்தாம் வீட்டில் இருபத்தோராயிரம் வெள்ளி என்றும் கொள்ளட்டும். சராசரி மூவாயிரம் வெள்ளி! அந்தத் தெருவில் மூவாயிரம் வெள்ளி பெறுபவன் ஒருவன்கூட இல்லை. ஆயினும் அறிக்கையில் அந்தத் தெரு செழித்துவிடும். மலாக்காத் தெங்ஙா, அலோர் காஜா, ஜாசின் என்னும் மூன்று மாவட்டங்களின் சராசரியைக் காட்டி மாநிலத்தின் வளத்தைப் பேசுவோர், அந்த ஒன்பது வீடுகளின் கதவைத் தட்டியதுண்டா?

வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இந்தப் பார்வைக் கோளாறு புதியதன்று என்பது விளங்கும். இந்நாட்டில் ரப்பரை வாணிகப் பயிராக முதன்முதல் பயிரிட்ட இடம் மலாக்காவே. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் அதனைத் தொடங்கினார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. காடு திருத்தவும் பால்மரம் சீவவும் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். 1925-இல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. எந்த விதை நன்கு பால் தரும், எந்த நோய் பட்டையை அரிக்கும், எந்த உரம் வேருக்கு ஏற்றது என்றெல்லாம் அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். நன்று, மரத்துக்கு ஆராய்ச்சி நிலையம் வேண்டியதுதான். அந்த மரத்தை இருள் பிரியுமுன் சீவியவனுக்கு என்ன நோய், அவன் குழந்தைக்கு என்ன கல்வி, முதுமையில் அவனுக்கு எங்கே வீடு என்று ஆராய ஒரு நிலையம் எழுந்ததா? மரம் பட்டால் மறுநடவு உண்டு. மனிதன் பட்டுப் போனால் மறுநடவு இல்லை.

விடுதலைக்குப் பின்னரும் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. தோட்டம் தனியார் சொத்து. ஆதலால் சாலையும் குடிநீரும் மின்விளக்கும் முதலாளியின் பொறுப்பு என்று சொல்லி, ஊரக வளர்ச்சித் திட்டங்கள் பல பத்தாண்டுகள் தோட்டத்து வாயிலோடு நின்றுவிட்டன. கம்பத்துக்கு வந்த தார்ச்சாலை லயத்துக்கு வரவில்லை. நகரத்து அறிக்கையில் அவன் நாட்டுப்புறத்தான். நாட்டுப்புற அறிக்கையில் அவன் தனியார் நிலத்தில் இருப்பவன். இரண்டு ஏடுகளுக்கும் இடையே விழுந்த எழுத்தாகத் தோட்டத் தொழிலாளி ஆகிவிட்டான்.

ஆய்வு என்றாலே தீது என்று கூறுவது அறிவுடைமை ஆகாது. உண்மையான ஆய்வு எத்தகையது என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. 1950-களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்று அந்நாளில் தோட்டமெங்கும் அஞ்சப்பட்ட கொடுமை அது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் உங்கு அஸீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடல்களை ஆராய்ந்து விரிவான அறிக்கை தந்தார். நிலம் சிதைந்ததோடு அவர் ஆய்வு நிற்கவில்லை. வேலை இழந்தவர்கள், வீடு இழந்தவர்கள் ஆகியோரின் நிலையையும் அது நோக்கியது. ஆயினும் அறிக்கை வந்த வேகத்தில் துண்டாடல் நின்றதா? இல்லை. தோட்ட நிலங்களை விற்க ஒப்புதல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு தேசிய நிலச் சட்டத்தில் பின்னாளில்தான் புகுந்தது. அதற்குள் எத்தனையோ லயங்கள் தரைமட்டமாகிவிட்டன. கட்டணம் கொடுத்தவனுக்கு இனிக்கும் அறிக்கை மறுநாளே திட்டமாகிறது. ஏழைக்காகப் பேசும் அறிக்கை நூலகத்தில் உறங்குகிறது!

அந்நாளில் துன் வீ. தி. சம்பந்தன் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியைத் திரட்டி, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கச் செய்தார். அச்சங்கம் எல்லாத் தோட்டங்களையும் காத்துவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் தொழிலாளியை நிலத்தோடு சேர்த்து எண்ணும் திட்டம் நடவாத காரியம் அன்று என்பதை அது மெய்ப்பித்தது.

அதன் பிறகு வந்தவை பெருந்திட்டங்கள். 1971-இல் தடையற்ற வாணிக வட்டாரச் சட்டம் பிறந்தது. பத்து பெரண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் ஆலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர்க்கு அங்கே வேலை கிடைத்தது என்பதை மறைத்தல் முறையன்று. 2006-க்கும் 2008-க்கும் இடையே ஐந்து பொருளாதார வட்டாரங்கள் வகுக்கப்பட்டன. வடக்கு வட்டாரத்தின் பெருந்திட்டத்தை வரைந்து கொடுத்தது சைம் டார்பி நிறுவனம். கிழக்குக்கரையின் திட்டத்தை வரைந்தது பெட்ரோனாஸ். தோட்டங்களை உடைய நிறுவனமே தோட்டங்கள் நிறைந்த வட்டாரத்துக்குத் திட்டம் எழுதினால், அதில் தோட்டத் தொழிலாளியின் குரல் எந்தப் பக்கத்தில் ஒலிக்கும்? மலாக்காவோ அந்த ஐந்தில் எதிலும் சேரவில்லை. அதனை எண்ணி வருந்தியவர் பலர். வருந்த வேண்டியது அதற்கன்று. சேர்ந்திருந்தாலும் தோட்டப்புறத்தானுக்கு ஏட்டில் இடம் இருந்திருக்குமா என்பதற்கே.

மலாக்காவின் கடற்கரையில் நடந்ததையும் நினைவுகூர வேண்டும். கடலைத் தூர்த்துத் தீவுகள் அமைத்து, ஆழ்கடல் துறைமுகம் கட்டுவதாக 'மலாக்கா கேட்வே' என்னும் திட்டம் 2014-இல் தொடங்கப்பட்டது. 4,300 கோடி வெள்ளித் திட்டம் என்று பேசப்பட்டது. இருக்கும் துறைமுகங்களே இன்னும் நிரம்பவில்லை, புதியது வேண்டுவதில்லை என்று உலக வங்கியின் ஆய்வு கூறியதாக நாளேடுகள் எழுதின. அந்த ஆய்வை யார் செவிமடுத்தார்? 2020 நவம்பரில் மாநில அரசே ஒப்பந்தத்தை முறித்தது. இடையில் கடலை இழந்து தவித்தவர்கள் ஊஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பின் மீனவர்கள். தமிழன் ஒருவன் மட்டுமே ஏட்டில் விடுபடுகிறான் என்பதில்லை. எளியவர் எவரும் விடுபடுகின்றனர்.

இனி, தமிழ்ப்பள்ளிக்கு வருவோமாயின், இந்தக் கணக்கின் கூர்முனை எங்கே குத்துகிறது என்பது தெளிவாகும். 1957-இல் நாடெங்கும் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ எட்டவில்லை. மலாக்காவில் எஞ்சியவை 21. இவற்றுள் பல, தோட்டத்து மண்ணில் முளைத்தவை. நிலம் அரசுக்குரியதன்று என்னும் காரணத்தால் தோட்டப் பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நெடுங்காலம் வைக்கப்பட்டன. பால்மரம் செம்பனையாயிற்று, செம்பனைக்கு அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர், வேறு தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பெற்றோர் நகர்ப்புற மலிவு வீடுகளுக்குச் சென்றபோது பள்ளி பின்தங்கிவிட்டது. 150 மாணவர்க்குக் குறைந்தால் அது 'குறைந்த மாணவர் பள்ளி' என்று பெயர் பெறுகிறது. அடுத்த அறிக்கை எழுதுபவர் அந்த எண்ணை மட்டும் பார்க்கிறார். ஒரு மாணவனுக்கு ஆகும் செலவு மிகுதி, பள்ளி பயனற்றது, அண்டைப் பள்ளியோடு இணைக்கலாம் என்று எழுதிவிடுகிறார். மாணவர் குறையக் காரணம் தமிழரின் அக்கறையின்மையா, தோட்டத்தை விற்ற வளர்ச்சியா என்று அவர் கேட்பதில்லை. கையை வெட்டியவனே, 'இவனால் எழுத முடியவில்லை' என்று சான்றிதழ் தருவது போன்றதன்றோ இது?

2013-இல் வெளிவந்த மலேசியக் கல்விப் பெருந்திட்டத்துக்காக அயல்நாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு கோடி வெள்ளி வழங்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகையில் எத்தனை தோட்டப் பள்ளிகளுக்கு நூலகம் எழுப்பியிருக்கலாம் என்று கணக்கிடுவது மாணவர்க்கு நல்ல பயிற்சி.

பிறரை மட்டும் பழித்துவிட்டு அமைவதும் நேர்மையாகாது. 2017 ஏப்ரல் 23-ஆம் நாள் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றி அது பேசியது, பாராட்டத் தக்கதே. மறு ஆண்டு மே மாதத்தில் ஆட்சி மாறியது. திட்டத்தைச் சுமந்த செடிக், மித்ரா என்று பெயர் மாறியது. பின்னர் அமைச்சு விட்டு அமைச்சு மாறியது. தமிழ்ச் சமுதாயம் என்ன செய்தது? வெளியீட்டு விழாவில் கைதட்டியது; மாலை போட்டது; படம் பிடித்துக்கொண்டது. எந்தப் பக்கத்தில் எந்த வாக்குறுதி, எந்த ஆண்டுக்குள் எது முடிய வேண்டும் என்று கையில் ஏட்டை வைத்துக்கொண்டு கேட்டவர் எத்தனை பேர்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழமொழி சொல்லத் தெரிந்தவர்கள், அந்தச் சுரைக்காயைக் கொல்லையில் நட்டு நீர் வார்க்க முன்வரவில்லை.

"பொருளியல் வல்லுநர்கள் செய்யும் வேலையைப் பள்ளி ஆசிரியர்கள் செய்ய முடியுமா?" என்று சிலர் வினவுவர். வல்லுநர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. துறைமுகத்தின் ஆழத்தைத் தமிழாசிரியர் அளக்க வேண்டியதில்லை. ஆனால் வல்லுநருக்கும் மூலச்சரக்கு வேண்டும். அந்தச் சரக்கு ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தின் அலமாரியிலும் தூசு படிந்து கிடக்கிறது. மாணவர் சேர்க்கைப் பதிவேடே அது! தந்தையின் தொழில், வீட்டு முகவரி, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் எழுதி வைத்த ஏடு. மலாக்காத் தமிழர் எந்தத் தோட்டத்திலிருந்து எந்த ஆண்டில் எங்கே பெயர்ந்தனர் என்பதை அதைவிட நம்பகமாகச் சொல்லும் ஆவணம் எந்த ஆலோசனை நிறுவனத்திடமும் இல்லை.

ஆகவே செய்ய வேண்டுவது இது. 21 பள்ளிகளின் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் ஒன்றுகூடிப் பதிவேடுகளிலிருந்து தோட்டவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். தனியார் பெயர்களை வெளியிட வேண்டுவதில்லை, எண்ணிக்கை போதும். உயர்நிலைப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் விடுமுறையில் குடியிருப்புகளுக்குச் சென்று ஐந்தே வினாக்கள் கேட்கட்டும்: எந்தத் தோட்டத்திலிருந்து வந்தீர்கள்? எந்த ஆண்டு? என்ன இழப்பீடு பெற்றீர்கள்? இப்போது இருப்பது சொந்த வீடா, வாடகையா? ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை இன்று எங்கே இருக்கிறான்? விடைகளைத் தொகுத்துத் தமிழிலும் மலாயிலும் அச்சிட்டு, மூன்று மாவட்ட அலுவலகங்களிலும் மாநிலப் பொருளாதாரத் திட்டப் பிரிவிலும் ஒப்படைக்க வேண்டும். தோட்ட நிலம் வேறு பயனுக்கு மாற்றப்படும்போதெல்லாம், குடியிருப்போர் பட்டியலும் பள்ளிக்கு மாற்று நிலமும் இன்றி ஒப்புதல் தரலாகாது என்று சட்டமன்றத்தில் கோர வேண்டும். கையில் எண் இருந்தால் கோரிக்கை வழக்காகும். எண் இல்லையேல் கோரிக்கை புலம்பலாகும்.

தமிழ் கற்பித்தல் என்பது இலக்கணத்தோடு முடிவதன்று. தன் மக்களின் வாழ்வைத் தன் மொழியில் எழுதி வைக்கத் தெரியாத இனத்தின் வரலாற்றைப் பிறர் எழுதுவர்; தமக்கு வேண்டியவாறே எழுதுவர். எண்ணும் எழுத்தும் கற்பிப்போர், தம் மக்களையும் எண்ணத் தொடங்கும் நாளே மலாக்காத் தமிழரின் வளர்ச்சி தொடங்கும் நாள்.