பிறந்த நாளும் பென்ஷனும்

குழந்தை பிறந்த நாளிலிருந்து நாம் காலண்டரும் கையுமாகத்தான் இருக்கிறோம். ஒன்றரை மாதத்து ஊசி, ஒன்பதாம் மாதத்து ஊசி, பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது எல்லாம் நமக்கு மனப்பாடம். உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. எந்தப் பிறந்த நாளில் எந்த உதவி தொடங்கும், எந்தப் பிறந்த நாளில் எது நிற்கும் என்ற கணக்கு. இதை யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை.

"என் பையனுக்கு வயசு பதினொண்ணு. மூளை வளர்ச்சி குறைவு. உதவிப் பணம் கேட்டுப் போனால், 'பதினெட்டு ஆகட்டும், அப்புறம் வாங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுவரைக்கும் ஒண்ணுமே கிடையாதா அக்கா?" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

அந்த அலுவலர் சொன்னது பாதி உண்மை, சகோதரி. பதினெட்டு வயது என்பது மத்திய அரசின் பென்ஷனுக்கு உள்ள நிபந்தனை. இந்திரா காந்தி பெயரில் 2009-ல் தொடங்கிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் அது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பமாக இருக்க வேண்டும், குறைபாடு 80 சதவீதம் இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். மாதம் 200 ரூபாயில் ஆரம்பித்து 2012-ல் 300 ஆக்கினார்கள். (முந்நூறு ரூபாயை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்ப்பதால்தான் அது ஒரு தொகையாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் வருவாய்த்துறை வழியாக வரும் தொகை 2023 ஜனவரி முதல் ஆயிரத்திலிருந்து 1500 ஆயிற்று.)

ஆனால் தமிழ்நாட்டில் இன்னொரு வாசலும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை அது. அறிவுசார் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சர்ட்டிபிகேட் இருந்தால், பதினெட்டு ஆகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாலுகா ஆபீசுக்குப் போகாமல், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நேரே போய் மனுக் கொடுங்கள். 'பராமரிப்பு உதவித்தொகை' என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "பென்ஷன்" என்று பொதுவாகக் கேட்பதால்தான் பல தாய்மார்கள் வேறு வரிசையில் போய் நின்று வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

இந்தச் சர்ட்டிபிகேட்டிலும் வயது வந்து குறுக்கே நிற்கும். சின்னக் குழந்தைக்கு 'தற்காலிகம்' என்று எழுதிக் கொடுத்தால், "டாக்டர் நம்ம கஷ்டத்தை நம்பலையோ" என்று மனசு ஒடிந்து போகாதீர்கள். வளரும் மூளைக்கு வாழ்நாள் முழுவதற்கும் ஒரு எண்ணைப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி எல்லாம் கொடுத்தால் ஐந்து வயதுக்குள் எத்தனையோ மாறலாம். அறிவுசார் குறைபாட்டுக்கு 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிமுறையில் 5, 10, 18 ஆகிய வயதுகளில் மறுபரிசோதனை சொல்லப்பட்டது. 18-ல் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும். உங்கள் கையில் இருக்கும் அட்டையில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தேதி தாண்டிய அட்டையால் நின்றுபோன உதவியைத் திரும்பத் தொடங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

பதினெட்டாம் பிறந்த நாள் இன்னொரு வேலையும் செய்கிறது. அதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் யோசிப்பதே இல்லை. அன்றோடு சட்டப்படி நீங்கள் உங்கள் பிள்ளையின் கார்டியன் இல்லை! "பெத்தவளுக்கு இல்லாத உரிமையா?" என்றால், ஆமாம், பதினெட்டு ஆன எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் சட்டம். தானே கையெழுத்துப் போட்டு, தானே முடிவெடுக்கும் பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை. கண் தெரியாத பெண்ணுக்கோ கால் நடக்க முடியாத பையனுக்கோ கார்டியன் தேவையே இல்லை. அவர்கள் முடிவை அவர்களே எடுக்கட்டும், விடுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல குறைபாடுகள் சேர்ந்திருப்பது, இந்த நான்குக்கும்தான் 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மாவட்டக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் மனுக் கொடுத்தால் பெற்றோரையோ உறவினரையோ சட்டபூர்வ கார்டியனாக நியமிப்பார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். பாங்கில் கணக்கு, பென்ஷன், சொத்து என்று எதைத் தொட்டாலும் பின்னால் இந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

இனி வருவதுதான் முக்கியம். வீட்டுக்காரர் அரசு வேலையில் இருப்பவரானாலும் ஓய்வு பெற்றவரானாலும், வேலையை நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

அரசு ஊழியர் காலமானால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். மனைவியும் போய்விட்டால் பிள்ளைகளுக்கு, ஆனால் 25 வயது வரைதான் என்பது பொது விதி. அதனால் "நம்ம பிள்ளைக்கு முப்பது ஆயிடுச்சே, இனிமே என்ன இருக்கு" என்று எத்தனையோ குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுகின்றன. மத்திய அரசு விதிப்படி, சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த 25 பொருந்தாது. ஆயுள் முழுவதும் வரும். நாற்பது வயதானாலும் ஐம்பது வயதானாலும் வரும்.

அதில் சில முடிச்சுகள் இருக்கின்றன. நன்றாக இருக்கும் தம்பி தங்கைகள் 25 வயதுக்குக் கீழே இருந்தால் முதலில் அவர்களுக்கு. கடைசிப் பிள்ளைக்கும் 25 தாண்டிய பிறகுதான் இவருக்கு வரும். இவருக்குச் சொந்த வருமானம் இருந்தால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. 2021 பிப்ரவரியில் அதைத் தளர்த்தினார்கள். கிடைக்கவேண்டிய குடும்ப ஓய்வூதியத்தைவிட, அதாவது அப்பாவின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைவிட, மற்ற வருமானம் குறைவாக இருந்தால் போதும். முன்பு 9000 ரூபாயும் அகவிலைப்படியும் என்று இருந்தது. பூக்கடை வாடகையோ தையல் வருமானமோ கொஞ்சம் வருகிறது என்பதற்காக உரிமையை விட்டுவிட வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பா மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூத்த மகனுக்கு அறிவு வளர்ச்சி குறைவு. அப்பா போனார், அம்மா பென்ஷன் வாங்கினார், நான்கு வருஷத்தில் அம்மாவும் போனார். தங்கைதான் அண்ணனைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். பென்ஷன் புத்தகத்தில் அண்ணன் பெயரே இல்லை. பாங்கில், "இப்படி ஒரு மகன் இருப்பதாக அவர் சொல்லவே இல்லையே அம்மா" என்றார்களாம். வெளியே தெரியக் கூடாது என்று மறைத்து வைத்து வளர்த்த பிள்ளை. அந்த மறைப்புத்தான் அவன் சோற்றில் வந்து விழுந்தது. ஏறி இறங்கி ஒன்றரை வருஷம் கழித்துத்தான் பணம் வந்தது. அந்தத் தங்கை இல்லாவிட்டால்?

ஆகையால் அவர் இருக்கும்போதே, பிள்ளையின் பெயரைப் பென்ஷன் ஆணையில் சேர்க்கச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். மனைவியின் பெயரோடு குறைபாடுள்ள பிள்ளையின் பெயரையும் முன்கூட்டியே சேர்த்துவிட முடியும். அறிவுசார் குறைபாடு என்றால், பிள்ளையின் சார்பில் பணம் வாங்கப் போகிறவர் யார் என்பதையும் அவரே எழுதிக் கொடுக்கலாம். அவர் எழுதாமல் போனால் மனைவி எழுதலாம். இரண்டும் இல்லையென்றால் முன்னே சொன்ன கலெக்டர் குழுவின் சான்று உதவும். யார் பெயர் என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மருமகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மகன் பெயரை எழுதுவது நல்லது. பார்த்துக்கொள்ளப் போவது அவள்தானே!

தனியார் கம்பெனியில் வேலை என்றால் நமக்கு ஒன்றும் இல்லை என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். பி.எப். பிடிக்கும் இடமாக இருந்தால் 1995-ஆம் வருஷத்து ஓய்வூதியத் திட்டம் உண்டு. அதிலும் பிள்ளைகளுக்கு 25 வரைதான்; நிரந்தரமாக, முழுமையாக இயலாத பிள்ளைக்கு மட்டும் வயது பார்ப்பதில்லை. மாநில அரசு, ரயில்வே இவற்றுக்கெல்லாம் தனித்தனி விதி. அந்தந்த அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாமியாருக்காகக் கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்னே சொன்ன மத்திய ஓய்வூதியத்துக்கு ஆரம்பத்தில் மேல் வயது 64 என்றும், பிறகு 59 என்றும் இருந்தது. 2012-ல் 79 ஆக்கினார்கள். எண்பது ஆனதும் முதியோர் ஓய்வூதியத்துக்கு மாற்றிவிடுவார்கள். மத்தியப் பங்கு 500 ஆகும். எழுபது வயதில், "வயசாயிடுச்சு, இனிமே ஊனக் கணக்கில் வராது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இத்தனையும் வயதை வைத்துத்தான் என்பதால் வயதுக்குச் சான்று வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு டி.சி. ஏது? பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர் இருக்கும் இடம் காலியாக இருக்கிறதா? பிறப்பைப் பதிந்து ஓராண்டுக்குள் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம், பதினைந்து ஆண்டு வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு வயதைக் காட்ட இந்த ஒரு சான்றிதழ்தான் என்று சட்டமே வந்துவிட்டது. ஆதாரில் ஒரு தேதி, ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு தேதி என்று இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள். முதல் முதல் காட்டிய டாக்டரின் பழைய சீட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாமல் அதே பையில் வையுங்கள். பை எங்கே இருக்கிறது என்று அடுத்த பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.