தலைமன்னார்க் கப்பல்

நீரைக் கடக்க உதவும் ஊர்திகளுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. புணை, அம்பி, ஓடம், தோணி, திமில், வங்கம், நாவாய், கலம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஈழத்து உணவுப்பொருள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த செய்தியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலே கூறுகின்றார். துறைமுகத்துச் சுங்கத்தார் ஒவ்வொரு பொதியின்மீதும் சோழனது புலி இலச்சினையைப் பொறித்த செய்தியும் அந்நூலிலேயே உண்டு. இப்பகுதியை ஆசிரியர்கள் சுவைபடக் கற்பிக்கின்றனர். மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். நன்று. ஆனால், ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கலங்களை இத்துணைத் துலக்கமாக அறிந்த நாம், நம் பாட்டன் பாட்டியரை இக்கரைக்குக் கொணர்ந்து, பின்னர் நம் சிற்றப்பன் சிற்றன்னையரை அக்கரைக்குக் கொண்டுபோன கப்பலைப்பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருக்கின்றோம்?

கடற்காற்றே எட்டாத தலவாக்கலையில் இருந்துகொண்டு கப்பலைப்பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அக்கப்பலோடு உறவில்லாத லயம் மலையகத்தில் அரிது என்பதே அதற்கு விடை.

பாம்பன் பாலம் திறக்கப்பெற்ற 1914ஆம் ஆண்டிலேதான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. அதற்கு முந்திய நூற்றாண்டில் வந்தோரிற் பலர் பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். புதிய கப்பல் வந்தபின் பயணம் எளிதாயிற்று. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, ஏறத்தாழ 22 மைல் கடலை இரண்டு மணி நேரத்திலே கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் காத்துநின்ற புகையிரதத்தில் ஏறிக் கொழும்பை அடையலாம். மலைநாட்டுக்கு வருவோர் பொல்காவலையில் வண்டி மாறுவர். இராமர் அணையை ஒட்டிய அக்கடல் ஆழமற்றது, மணற்றிட்டுகள் நிறைந்தது. பெருங்கப்பல்கள் செல்லமாட்டா. ஆதலின் அதற்கெனவே அமைந்த சிறு கப்பல்கள் ஓடின. கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ் என்றும், பின்னாளில் இர்வின், கோஷன் என்றும் ஆள்பவர் பெயர்களையே அவை தாங்கியிருந்தன.

கப்பலின் ஒரு நாள் வேலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். வண்டி வந்து நிற்கும். தபாற்பைகள் இறங்கும்; மூட்டைகளும் பெட்டிகளும் தோள்மாறும். சுங்கத்தார் திறந்து பார்ப்பர். மருத்துவர் நாடி பார்ப்பார். உயர்வகுப்பார்க்கு இருக்கை, ஏனையோர்க்குத் திறந்த தளம். கீழே கொதிகலன் அறையின் வெக்கையில் நெருப்போடு போராடுவோரைப் பயணிகள் காண்பதில்லை. எதிர்க்கரையிலும் இதே வேலை, தலைகீழ் வரிசையில். மறுநாளும் அதுவே. பிறரைக் கரைசேர்ப்பதையே தொழிலாகக் கொண்டு இரு கரைக்கும் இடையே வாழ்நாளைக் கழித்த மாலுமிகளுக்கும் சுமைகூலிகளுக்கும் எந்த ஏட்டிலும் பெயரில்லை.

இக்கப்பலைச் சரக்கும் பயணியும் ஏற்றும் கப்பல் என்பர். எவர் பயணி, எது சரக்கு என்பதே நம் வினா. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கப்பெற்றவர் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காகத் தடுத்துவைக்கப்பட்டனர். சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத்துண்டு ஒரு காலத்தில் அவர் உடம்பிலே கட்டப்பெற்றது. வழிச்செலவும் கடனாக அவர் தலையிலேயே ஏறிற்று. புகாரின் சுங்கத்தார் பொதிக்கன்றோ இலச்சினை பொறித்தனர்? இங்கோ மனிதர்க்கே பொறி இடப்பெற்றது. கப்பல் குற்றமற்றது, ஏற்றியதைச் சுமந்தது. ஏற்றியோர் எழுதிய கணக்கே பிழையானது.

அக்கணக்கு சுதந்திரத்தின் பின்னரும் திருந்தவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர்ப் பார்க்கலாம் என்றனர். பத்தாண்டு கழித்து, 1974இல், அவர்களையும் இரு நாடும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தேங்காயையும் நெல்லையும் பங்கிடுவோர்கூட ஒரு சொல் பேசிப் பங்கிடுவர். இம்மக்களின் பெயரால் பேச அவ்வறையில் எவரும் இருந்திலர்.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகுமுன், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற வண்டி ஒன்று பயணிகளோடு கடலிலே மூழ்கிற்று. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. ஆள்பவர் பெயர்கள் போய், ‘இராமானுஜம்’ என்ற தமிழர் வழங்கும் பெயர் கப்பலுக்கு வந்தது. ஆனால் அது ஏற்றியதோ கண்ணீரை. தலவாக்கலை, அட்டன், நானுஓயா நிலையங்களில் உறவினர் கதறலிடையே புறப்பட்ட வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். எந்தப் புலவரும் வைத்த பெயரன்று அது. துயரம் தானே வைத்துக்கொண்ட பெயர். 1984இல் போர்ச்சூழலிலே கப்பல் நின்றுபோயிற்று. இந்தியக் கடவுச்சீட்டு கையிலிருந்தும் கப்பலேற இயலாமல் நின்றோர் பல்லாயிரவர். அவர்தம் நிலைக்குச் சட்டத்தின் வழி விடை காண 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அண்மையில் வகுப்பிலே பட்டினப்பாலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, தன் வீட்டில் ஒரு தகரப்பெட்டி உண்டென்றும், அதன் மூடியில் வெள்ளை வண்ணத்தால் பாட்டனார் பெயரும் ‘மண்டபம்’ என்ற சொல்லும் எழுதப்பட்டிருக்கின்றன என்றும் கூறினாள். கப்பலேறுவதற்காகச் செய்த பெட்டி அது. கப்பல் நின்றமையால் பெட்டியும் நின்றுவிட்டது. பாட்டியின் தங்கை முன்னரே போய்விட்டார். நீலகிரியில் தேயிலை பறித்தார். அக்காளும் தங்கையும் பின்னர் ஒருவரையொருவர் கண்டிலர். “இப்பொழுது அதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டோம். “அரிசி வைத்திருக்கிறோம், ஐயா” என்றாள். அன்று பாடம் அவ்வளவில் நின்றது. நூலிலே புலிப்பொறி இட்ட பொதி. நம் ஊர் லயத்திலே பெயர் எழுதிய பெட்டி. முன்னதற்கு உரையாசிரியர் உளர். பின்னதற்கு யார் உரை எழுதுவர்?

கப்பலேறி வந்த தலைமுறை மறைந்துவிட்டது. உறவினரைக் கப்பலேற்றி அனுப்பிய தலைமுறை இன்று எழுபதைக் கடந்து நிற்கிறது. இன்னும் சில ஆண்டில் அக்குரலும் ஓய்ந்துவிடும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்திராவிடின் மலைநாட்டு மக்கள் பாடல்களிற் பல இன்று நமக்குக் கிட்டியிரா. அவர் பாடலுக்குச் செய்ததை நாம் இப்பயணத்துக்குச் செய்தல் வேண்டும். மேனிலை வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரைக் கண்டு கேட்கட்டும். எந்த நிலையத்தில் வண்டி ஏறினர்? பெட்டியில் என்ன வைத்தனர்? எதை விட்டுச் சென்றனர்? கப்பல் தளத்தில் யாரருகே அமர்ந்தனர்? அக்கரையில் முதலில் கேட்ட சொல் யாது? கேட்டதைப் பேச்சுமொழியிலேயே எழுதட்டும், நாம் திருத்தாதிருப்போம். பண்டிதர்க்கு அது கடினமே, ஆயினும் செய்யத்தக்கது.

இதனை இப்பொழுது வலியுறுத்த வேறொரு காரணமும் உண்டு. போரில் சிதைந்த தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. அக்கரையில் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்றது. சென்னையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வண்டியை மக்கள் இன்றும் ‘போட் மெயில்’ என்றே அழைக்கின்றனர். பெயரில் மட்டும் ஓடம் மிதக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கி, இடையே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. இராமேசுவரம் - தலைமன்னார் வழியையும் விரைவில் மீட்பதென 2024 டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் கூட்டறிக்கையில் கூறினர். இரு கரையிலும் தண்டவாளம் காத்துக்கிடக்கிறது.

அக்கப்பல் வரட்டும். வணிகச் சரக்கையும் சுற்றுலா வருவோரையும் ஏற்றட்டும். ஆனால் கொழுந்து பறிக்கும் ஒருத்தி தன் தங்கையைக் காணச் செல்லக்கூடிய கட்டணமும், அவள் அலையாமல் பெறக்கூடிய அனுமதியும் இல்லையேல், அது நம் கப்பல் ஆகாது. இருமுறை சரக்காக ஏற்றப்பட்ட மக்கள், மூன்றாம் முறையேனும் பயணியாக ஏறுதல் வேண்டும். தம் விருப்பப்படி போய், தம் விருப்பப்படி திரும்புதல் வேண்டும். அரசுகள் செய்யவேண்டியது அது. அதற்குள் அவர்தம் பெயரையும் மொழியையும் ஏட்டில் ஏற்றிவைத்தல் ஆசிரியரும் மாணவரும் செய்யவேண்டியது. இப்பணியை வரும் விடுமுறையிலேயே தொடங்கலாம்.