கேவுரு வாசனை

"இன்னாடா அது, கேவுரு முளை கட்டி வறுத்தாப்புல இருக்குது?" என்று கேட்டார் நண்பனின் அம்மா. அவர் ஆரணியில், தறி வீட்டுத் திண்ணையில் இருந்தார். நாங்கள் பெல்ஜியத்தின் லூவன் நகரில், அவன் வீட்டு அடுப்படியில். வீடியோ அழைப்பில் அவன் ஒரு பிடி பார்லியை அள்ளிக் காட்டியிருந்தான். ஊறவைத்து, முளைக்கவிட்டு, அனலில் உலர்த்திய தானியம். குழந்தைக் கஞ்சிக்கு நம் வீடுகளில் கேழ்வரகைச் செய்வதும் இப்படித்தான். பார்த்ததுமே பிடித்துவிட்டார்.

"பீர் காய்ச்சறோம்மா" என்றான். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அளவா இருங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போன மாதம் அவனோடு பத்து நாள் தங்கியிருந்தேன். விற்காத வரை வீட்டுக்கென்று காய்ச்சிக்கொள்ள அங்கே சட்டம் இடம் தருகிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது வீரியமும் கசப்பும் கூடிய வகை. வெஸ்ட்மால்லே மடத்துத் துறவிகள் 1934 முதல் காய்ச்சும் 'டிரிப்பல்' 9.5 சதவீத வீரியம் கொண்டது. அந்த வழி வந்த பீரில் அமெரிக்கர் பாணியில் ஹாப்ஸ் பூவைத் தாராளமாகச் சேர்த்து, 2006-இல் அஷூஃப் ஆலை 'ஹூப்லோன் ஷூஃப்' என்ற பீரைக் கொண்டுவந்தது. அதன் சாயலில் ஒன்று வேண்டும் என்பது அவன் ஆசை.

இருபது லிட்டருக்கு ஆறரை கிலோ முளைப் பார்லி. நொறுக்கி, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். சூடு ஏறினால் மாவைச் சர்க்கரையாக்கும் நொதி செத்துவிடும். முக்கால் மணி நேரத்திலேயே நான் அடுத்த வேலைக்குப் பரபரத்தேன். அவன் ஒரு கரண்டிச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு, அதன் மேல் அயோடின் ஒரு சொட்டு வைத்தான். சொட்டு கருநீலமாகப் படர்ந்தது. மாவு இன்னும் மிச்சமிருக்கிறது. "நூல் அறுந்தா இழுக்காத, நில்லு" என்றான். தறியில் அவன் அப்பா சொல்லும் வார்த்தை அது.

உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுத்தவன் அவன். அடுத்த சொட்டு அயோடின் நிறம் மாறாமல் பழுப்பாகவே நின்றபோது அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் அந்தத் தறியிலும் பார்த்திருக்கிறேன்.

சாற்றை வடித்துக் கொதிக்கவிட்டோம். ஹாப்ஸ் பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மஞ்சள் பொடி ஒட்டுகிறது. ஆரஞ்சுத் தோலும் பிசினும் கலந்த வாசனை. கொதியின் தொடக்கத்தில் போட்ட பூ கசப்பைத் தரும், இறக்கும்போது போட்டது மணத்தைத் தரும். வீரியத்துக்காக ஒரு கிலோ சர்க்கரையும் சேர்த்து, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி மூடினோம். மறுநாள் காலை மூடிக்குழாயில் குமிழ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அறையெங்கும் கிராம்பும் வாழைப்பழமும் மணத்தன.

அன்று அவனிடம் பெரும்பாணாற்றுப்படையைப் பற்றிச் சொன்னேன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. வலைஞர் வீட்டில் பாணருக்குக் கிடைக்கும் கள் எப்படி உண்டாகிறது என்று அதில் இருக்கிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைத் தானியத்தின் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளை, சூடு, ஆற்றுதல், காத்திருப்பு என்று நாங்கள் செய்த எல்லாமே அங்கே இருக்கின்றன. ஆரணியும் அந்தத் தொண்டை நாட்டு மண்தான்.

இங்கே தமிழ்நாட்டில், வீட்டில் காய்ச்சுவது குற்றம். 1937-இன் மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த பெண்களின் கண்ணீர் உண்மை. கூலிப் பணம் வீடு வந்து சேராத சனிக்கிழமைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று கேட்க மாட்டேன். என் வருத்தம் வேறு. முளை கட்டவும், ஆற்றவும், நாள் எண்ணவும் தெரிந்திருந்த கை நம்மிடம் இருந்தது. அது போய், கவுண்டரில் வாங்கி நின்ற இடத்திலேயே விழுங்குவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு கோப்பைக்காக ஐந்து வாரம் காத்திருந்தவன் அதை அப்படி விழுங்க மாட்டான். அதை என் நண்பனிடம் கண்டேன்.

போன வியாழன் இரவு அவன் முதல் பாட்டிலைத் திறந்தான். நான் அவன் அம்மாவோடு ஆரணியில் இருந்தேன். கசப்பு நாக்கில் கொஞ்சம் நின்று, பிறகு தேன் போல இறங்குகிறது என்றான் அழைப்பில். அம்மா கேட்டுக்கொண்டே, ஆடி வெள்ளிக் கூழுக்கு முந்தின நாள் கரைத்துவைத்த கேவுரு மாவுப் பானையைத் திறந்தார். ஓரத்தில் சிறு குமிழ்கள். விரலை விட்டு அலைத்து, நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் புளிக்கணும்" என்று மறுபடி மூடினார். "விடியட்டும்."