கதவில பிழை இல்லை

போன கிழமை பொட்காஸ்டில் வீட்டுக் கராஜில் பழைய கார் திருத்துறதைப் பற்றிக் கதைத்தோம். நேரம் காணாமல் ஒரு கேள்வி மிஞ்சிப் போச்சு: பெயின்றும் அடித்து முடிந்த பிறகு கதவு ஒழுங்காகப் பூட்டுதில்லை எண்டால் என்ன செய்யிறது? என்ர பதில் பலருக்குப் பிடிக்காது. பெயின்றை மறந்திட்டு வெல்டிங்கைத் திரும்ப வெட்ட வேணும்.

எம்ஜிபி ரோட்ஸ்டரை எடுங்கோ. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த கார். அதுக்கு முந்தின எம்ஜிஏக்குத் தனிச் சட்டகம் இருந்தது. எம்ஜிபிக்கு உடம்பேதான் சட்டகம். கூரையும் இல்லாதபடியால் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குறது கதவுக்குக் கீழே ஓடுற சில். ஊர்ச் சில்லு இல்லை. தகடுகளை ஒட்டிச் செய்த நீளமான பெட்டி. துருப்பிடிக்கிறதும் அதுதான்.

அந்தத் தகடுகளை வெட்டும்போது காரை முன்னும் பின்னும் மட்டும் தாங்கி வைத்தால் நடுப்பகுதி தொய்யும். அப்படியே புதுசை ஒட்டினால் தொய்வு நிரந்தரம். கதவு வாசல் மேலே நெருங்கும், கீழே விரியும். சில மில்லிமீற்றர்தான், கதவைக் கழற்றி வைத்து வேலை செய்தால் கண்ணுக்குத் தெரியாது.

என்ர சித்தப்பா வாங்கின காரில் இதுதான் நடந்தது. முந்தின சொந்தக்காரர் செய்த வெல்டிங்கை நம்பி, நல்ல காசு குடுத்துப் பெயின்ற் அடிப்பித்தார். கதவை மாட்டினால் அதன் பின்பக்க மேல் மூலை தூணில் முட்டுது. வந்தவை எல்லாரும் ஆலோசனை சொல்லிச்சினம்: பிணைச்சலுக்கு அடியில் தகடு வை, கதவு விளிம்பை அராவு, மிச்சத்தை ஃபில்லரால் மறை. "ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுற கார்தானே" எண்டார் சித்தப்பா.

அதிலும் நியாயம் இருக்கு. வெட்டினால் காசும் போகும், ஒரு கோடைகாலமும் போகும். ஆனா அந்தப் பக்கத்தில் சரியாக இருந்தது தொழிற்சாலையில் இருந்து வந்த கதவு மட்டும்தான். பிழையைக் காட்டுற அளவுகோல் அது. கோணலான வாசலுக்காக அதை அராவினால், இனி ஒப்பிட்டுப் பார்க்க ஒண்டும் மிஞ்சாது. கோட் எழுதுறவைக்கு இது விளங்கும்: டெஸ்ட் ஃபெயில் ஆகுது எண்டு டெஸ்டையே மாத்துற வேலை.

இன்னொரு காரணம். பிரித்தானியாவில் 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யாத, 40 வயது தாண்டின கார்களுக்கு எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. ஆனா காரைப் பாதுகாப்பாக வைத்திருக்கிற பொறுப்பு சொந்தக்காரருக்குத்தான். அந்த வெல்டிங்கை வேற ஒருத்தரும் பார்க்கப் போறதில்லை. பக்கத்து சீற்றில் சித்தி இருப்பா.

முறை இதுதான். முதலில் இரண்டு வாசலிலும் குறுக்களவு எடுத்து ஒப்பிடுங்கோ. ஒருமுறைக்கு ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யுங்கோ. காரைச் சமதரையில் நன்றாகத் தாங்கி வைத்து, சில் தகடுகளின் ஒட்டை விடுவித்து, நடுவை ஜாக்கால் மெதுவாக உயர்த்துங்கோ. கதவைச் சுற்றி இடைவெளி சரியானதும், இரண்டு தூணையும் உள்பக்கமாக ஒரு இரும்புச் சட்டத்தால் இணைத்து இறுக்குங்கோ. கதவு மாட்டினபடியே புள்ளி புள்ளியாக ஒட்டி, திறந்து பூட்டிப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாத்தி வெல்ட் பண்ணுங்கோ. ஒரே இடத்தில் நீளமாக ஓட்டினால் சூட்டில் தகடு இழுபடும்.

சித்தப்பா இரண்டு கிழமை யோசித்துவிட்டு வெட்டச் சம்மதித்தார். இந்தக் கோடைக்கு அவற்ற கார் கராஜுக்குள்ளதான். உங்கட வீட்டுக் காரிலும் ஒரு கதவு முட்டுதெண்டால், அராவ முதல் அளந்து பாருங்கோ. அளவுகளை எழுதி அனுப்பினால் அடுத்த பகுதியில் கதைப்பம்.