வாசல் அடைபட்டால் வழி அடைபடாது

 

இம்மாதம் ஒரு தவறை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். ஆலோசனை கேட்ட ஒரு தாய்க்கு நான் பிழையான ஆலோசனை சொல்லிவிட்டேன். கேட்டவர் ஒருவர்தான். ஆனால் அதே பதிலை நம் வீடுகளில் எத்தனையோ தாய்மார் தினந்தோறும் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்குப் போகும் பாதையில் விசுவமடுவைத் தாண்டினால் தர்மபுரம் வரும். அன்று நான் வந்த பஸ் அங்கே டயர் காற்றுப்போய் நின்றுவிட்டது. பாதையோரம் தகரக் கூரை போட்ட ஒரு சிறு தேநீர்க் கடை. அவித்த கச்சான், உளுந்துவடை, பிளேன்டீ. கடைக்காரி ஐம்பத்தேழு வயதுத் தாய். என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, "மௌலவி ஐயாவா? இருங்கையா, டயர் மாத்த எப்படியும் ஒரு மணி நேரமாகும்" என்று வாங்கை நகர்த்திப் போட்டார்.

பேச்சுக் கொடுத்தேன். மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின், பத்து வயதில், தாய் தகப்பனோடு இங்கே வந்திருக்கிறார். தர்மபுரத்தில் அப்படி மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் நிறைய. கொழுந்து பறித்த குடும்பம் கச்சான் பயிரிடப் பழகியது. கணவர் காலமான பின் கூலிக்கு நாற்று நட்டார். பிறகு தையல் படித்தார். 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடினார். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது தையல் மெசினும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. அப்போது தொடங்கியதுதான் இந்தத் தேநீர்க் கடை.

"இப்ப இன்னொண்ணு செய்ய யோசிக்கிறேங்க" என்றார். வயதானவர்களைப் பராமரிக்கும் பயிற்சி ஒன்று கிளிநொச்சியில் நடக்கப் போகிறதாம். ஊரில் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். படுக்கையில் கிடக்கும் தாய் தகப்பனைத் திருப்பிப் படுக்க வைக்கவும் ஆளில்லாத வீடுகள் பல. "யுத்தம் முடியிற காலத்துல கிளிநொச்சி ஆஸ்பத்திரியை இங்க தர்மபுரத்துக்குத்தான் கொண்டாந்தாங்க. நான் போய் தண்ணி சுமந்தேன், காயப்பட்டவங்களுக்குத் துணி துவைச்சுக் குடுத்தேன். அப்பவே எனக்கு அந்த வேலை கை வந்திருச்சுங்க. ஆனா மகன் வேணாங்கிறான். மகன் இருக்கும்போதே தாயை அடுத்த வீட்டுக்கு வேலைக்கு அனுப்புறான்னு ஊர் பேசுமாம். படிச்சவங்க நீங்க, சொல்லுங்க ஐயா."

நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, மகன் சொல்வதும் நியாயம்தானே. இவ்வளவு காலம் பாடுபட்டுவிட்டீர்கள். இந்த வயதில் புதிதாக எதற்கு? ஓய்வாக இருங்கள்."

அவர் ஒன்றும் பேசாமல் கச்சான் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். பஸ் ஹோர்ன் அடித்தது. நான் ஏறிவிட்டேன்.

கனடாவிலிருந்து வந்த பெண்

வீட்டுக்கு வந்தும் அந்த முகம் மனதை விட்டு அகலவில்லை. அப்போதுதான் நம் நாட்டுக்கு வந்து வாழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாறு நினைவுக்கு வந்தது. டாக்டர் மேரி ரட்ணம்.

1873இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். இயற்பெயர் மேரி ஹெலன் அர்வின். பெண்கள் வைத்தியம் படிப்பதே அபூர்வமாக இருந்த அக்காலத்தில், டொரொன்டோவில் பெண்களுக்கென்று ஏற்பட்ட வைத்தியக் கல்லூரியில் படித்து டாக்டரானார். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கு வைத்தியம் செய்வதற்காக மிஷன் ஒன்று அவரைத் தெரிவு செய்தது. இருபத்து மூன்று வயது. வேலை முன்கூட்டியே ஏற்பாடாகியிருந்தது.

ஆனால் இங்கு வரும் பயணத்தில் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்ற இலங்கைத் தமிழரை அவர் சந்தித்தார். 1896இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். வெள்ளைக்காரப் பெண் உள்நாட்டவர் ஒருவரை மணப்பதை அக்கால மிஷனால் ஏற்க முடியவில்லை. எந்த வேலைக்காகக் கடல் கடந்து வந்தாரோ அந்த வேலையே கை நழுவிப் போயிற்று.

புது ஊர். புது மொழி. கையில் வேலையில்லை. ஊருக்குத் திரும்பிப் போகவும் ஒரு காரணம் இருந்தது. ஆனாலும் அவர் போகவில்லை.

ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்கு

கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் சிறிது காலம் வேலை பார்த்தார். பிறகு சொந்தமாக வைத்தியம் செய்யத் தொடங்கினார். ஆண் வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டு நோயை உள்ளுக்குள்ளேயே வைத்து வருந்திய பெண்களுக்கு, பெண்ணொருவர் டாக்டராக இருந்தது எத்தனை ஆறுதல் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1904இல் இலங்கை மகளிர் சங்கம் தொடங்கப்பட்டதில் அவருடைய பங்கு பெரிது. 1909இல் கொழும்பில் தமிழ் மகளிர் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். வைத்தியராக வந்தவர் சங்கம் அமைப்பவரானார். அடுத்து, பாடசாலைப் பிள்ளைகளுக்காகச் சுகாதாரம், மனையியல் பற்றிய பாடநூல்கள் எழுதினார். சங்கம் அமைத்தவர் நூலாசிரியருமானார்.

1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தபோது அதிலும் முன்னணியில் நின்றார். இங்கிலாந்திலிருந்து வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் அச்சங்கம் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று சாட்சியம் சொன்னது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று ஆணைக்குழு கூறிற்று. இறுதியில் ஆண், பெண் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதிலேயே வாக்குரிமை கிடைத்தது. 1931இல் நம் நாட்டுப் பெண்கள் அந்த வாக்கைப் போட்டார்கள். இன்று வாக்குச் சாவடியில் விரலில் மை பூசிக்கொள்ளும் ஒவ்வொரு சகோதரியும் இந்த அன்னியப் பெண்ணுக்கும் கடன்பட்டிருக்கிறார்.

வாக்குக் கிடைக்குமுன்பே அவருடைய கவனம் கிராமத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அவர் பிறந்த ஒன்டாரியோவில்தான் 1897இல் கிராமத்துப் பெண்களுக்கான முதலாவது மாதர் கழகம் ஸ்டோனி கிரீக் என்ற ஊரில் தொடங்கிற்று. அதைத் தொடங்கக் காரணமாயிருந்த அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாயின் பச்சிளங் குழந்தை, கெட்டுப்போன பாலைக் குடித்து இறந்ததாகச் சொல்வார்கள். பாலை எப்படிக் காய்ச்சி, எப்படி மூடி வைக்க வேண்டும் என்று ஒரு தாய்க்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும் என்ற வேதனையிலிருந்து முளைத்த இயக்கம் அது. அந்த முறையை இங்கே கொண்டு வந்து 1930இல் லங்கா மகிளா சமிதியை ஆரம்பித்தார் மேரி ரட்ணம். கிராமத்துப் பெண்கள் ஓரிடத்தில் கூடிச் சமையல், சுகாதாரம், குழந்தை வளர்ப்பு, தையல், கைத்தொழில் என்று பழகினார்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு.

அந்த வயதை எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. தர்மபுரத்துத் தாயின் வயதும் அதுதான்.

அதற்கும் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1937இல், கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் நின்று வென்றார். அச்சபைக்குத் தெரிவான முதல் பெண் அவரே. வயது அறுபத்து நான்கு. 1958இல், பொதுச் சேவைக்காக ரமோன் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருது வழங்கப்பட்ட முதலாவது ஆண்டே அதுதான். அதே ஆண்டு அதைப் பெற்ற மற்றொருவர் இந்தியாவின் வினோபா பாவே. 1962இல் இந்நாட்டிலேயே மேரி ரட்ணம் காலமானார்.

வேலை மாறியது, நோக்கம் மாறவில்லை

இந்த வரலாற்றில் நான் விளங்கிக்கொண்டது ஒன்றுதான். அவர் வேலையை மாற்றிக்கொண்டே போனாரே தவிர, நோக்கத்தை மாற்றவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார். ஆனால் அதே நோய் திரும்பத் திரும்ப வருமானால் பிழை மருந்தில் இல்லை, வீட்டில்தான். வீட்டுக்குப் புத்தகம் எழுதலாம். வாசிக்கத் தெரியாத தாய்க்கு அது எட்டாது, கிராமத்துக்கே போக வேண்டும். கிராமத்துக்குப் போனாலும் கிணறும் வடிகாலும் சபையில் இருப்பவர்களின் கையில்தான். சபையில் பேச வேண்டுமானால் பெண்ணுக்கு முதலில் வாக்கு வேண்டும். ஒரு வேலை செய்யும்போது கண்ட குறையே அடுத்த வேலைக்கு வழியைக் காட்டிற்று.

"அவர் வெள்ளைக்காரி, டாக்டர், வசதியுள்ளவர், தேநீர்க் கடைக்காரியோடு ஒப்பிடலாமா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேரி ரட்ணத்துக்கு ஒரு வாசல் அடைபட்டபோது தட்டிப் பார்க்க வேறு பல வாசல்கள் இருந்தன. தர்மபுரத்துத் தாய்க்கு இருப்பது ஒரே ஒரு வாசல். அப்படியானால் அந்த ஒன்றையும் நாமே சாத்தலாமா?

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த பெண்மணி. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அரிதாக இருந்த காலத்தில் அவர்கள் எழுத்தறிந்தவர்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர்கள். ஒருவகைத் தோல் நோய்க்கு வைத்தியமும் அறிந்திருந்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சந்தை விவகாரங்கள் சிலவற்றை அவர்களிடம் ஒப்படைத்ததாகவும் அறிவிக்கப்படுகிறது. இதை மத்ரஸாவில் எத்தனை தடவை ஓதிக் கொடுத்திருப்பேன்! பாதையோரத்தில் ஒரு தாய் கேட்டபோது எனக்கு நினைவு வரவில்லையே!

அதைவிட வெட்கம் ஒன்று உண்டு. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு எட்டு வயது. வயலும் மாடுமாக வாழ்ந்த என் உம்மா, புத்தளத்தில் கிடுகுக் குடிலுக்குள் வந்து சேர்ந்தார். முதலில் கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. பிறகு விடியற்காலையில் எழுந்து இடியப்பம் அவித்து விற்றார். அப்புறம் பழைய மெசின் ஒன்றை வாங்கித் தைத்தார். "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். உம்மா பதில் சொல்லவில்லை. இடியப்ப உரலைத்தான் பிழிந்தார். நான் அரபுக் கல்லூரியில் ஓதியது அந்த இடியப்பக் காசில். அதில் ஓதி மௌலவியானவன்தான் தர்மபுரத்தில் ஒரு தாயைப் பார்த்து "இந்த வயதில் எதற்கு?" என்று கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

சகோதரர்களே, தாய் ஓய்வெடுக்க விரும்பினால் ஓய்வு கொடுப்பது நம் கடமை. அவர் உழைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் விடுவது பாவம். ஆனால் அவராக விரும்பி ஒன்றைக் கற்க நினைக்கும்போது தடுப்பது வேறு விஷயம். தடுக்குமுன் நம்மையே மூன்று கேள்விகள் கேட்போம். நாம் தடுப்பது தாயின் உடல்நலத்துக்காகவா, ஊர் வாய்க்குப் பயந்தா? ஊர் பேசும் என்கிறோமே, கஷ்டத்தில் கிடந்தபோது அந்த ஊர் ஒரு கொத்து அரிசி தந்ததா? தாய் இவ்வளவு காலம் புதிது புதிதாகக் கற்றதால்தானே நாம் வளர்ந்தோம். இப்போது மட்டும் ஏன் வேண்டாம் என்கிறோம்?

அக்கறை உண்மையாக இருந்தால், பயிற்சி நடக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். போய் வரப் பாதுகாப்பான வழி செய்து கொடுங்கள். வேலைக்குப் போகும் வீடு நல்ல வீடா, சம்பளம் ஒழுங்காகத் தருவார்களா என்று விசாரியுங்கள். ஒரு மகன் செய்ய வேண்டியது இதுதான்.

இரண்டு கிழமை கழித்து அதே பாதையில் போனேன். இம்முறை பஸ் பழுதாகவில்லை. நானாகவே தர்மபுரத்தில் இறங்கினேன். கடையில் மருமகள் தேநீர் ஊற்றிக் கொண்டிருந்தாள். "மாமி கிளிநொச்சிக்கு வகுப்புக்குப் போயிருக்காங்க. அவருதான் மோட்டார் சைக்கிள்ல கூட்டிட்டுப் போனாரு" என்றாள். சற்று நேரத்தில் தாயும் மகனும் வந்திறங்கினார்கள். நான் எழுந்து, "அம்மா, அன்று நான் சொன்னது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "அட போங்கையா! நீங்க பஸ் ஏறினதுமே நான் அதை மறந்துட்டேன். பிளேன்டீயா, பால் தேத்தண்ணியா?"

அல்லாஹ் நம் தாய்மாருக்கு ஆரோக்கியத்தையும், நமக்கு நாவடக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.