வள்ளியின் வாயை அடைத்தது யார்?

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லக்கோட்டை. அங்கே முருகன் ஏழடி உயரத்தில் வள்ளி, தெய்வானையோடு நிற்கிறார். அருணகிரிநாதர் பாடிய தலம். ஒரு காலத்தில் சுற்றிலும் ஏரியும் வயலும்தான். இன்று கார் கம்பெனி, லாரி கம்பெனி, மோட்டார் சைக்கிள் கம்பெனி! பக்கத்து வல்லம் வடகாலில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குவதற்கென்றே பெரிய விடுதி கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு பட்டணத்து ஜனத்தொகை அது!

இந்தப் பெண்கள் கோயிலுக்கு வந்து வள்ளியைக் கும்பிடுகிறார்கள். வள்ளி யார்? அவளும் ஒரு வேலைக்காரப் பெண்தான். வீட்டை விட்டு வந்து, தினைப்புனத்துப் பரண் மேல் தனியாக நின்று, நாள் முழுதும் பறவை ஓட்டினாள். முன்பின் தெரியாத ஆண்கள் வந்து பேச்சுக் கொடுத்தார்கள். அவள் பயந்து ஓடவில்லை. பதில் சொன்னாள். பதில் என்றால் சாதாரணப் பதிலா?

அதைத் தெரிந்துகொள்ள 'வள்ளி திருமணம்' நாடகம் பார்க்க வேண்டும்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய பாட்டு நாடகம் அது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் திருவிழா என்றால் இன்றும் இந்த நாடகம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் கேட்கும். முதலில் பபூன் வருவார். சிரிக்கவைப்பார். நடு ராத்திரிக்கு மேல்தான் வள்ளி வருவாள். வந்ததும் தர்க்கம் தொடங்கிவிடும்.

நாரதர் வருகிறார். "தனியாக நிற்கும் பெண்ணிடம் சாமியாருக்கு என்ன வேலை?" என்று கேட்பாள் வள்ளி. அவர் ஒரு சாஸ்திரம் சொன்னால் இவள் இரண்டு சொல்வாள். அவர் ஒரு பாட்டில் மடக்கினால் இவள் மறு பாட்டில் மடக்குவாள். பிறகு வேடன் வருவான். மான் வந்ததா என்பான். மானுக்கு அடையாளம் என்ன என்பாள். இப்படியே விடியும்!

இதில் ஒரு விசேஷம் உண்டு. 'ஸ்பெஷல் நாடகம்' என்று இதற்குப் பெயர். ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் வேறு ஊர்க்காரர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதே கிடையாது. நேரே மேடையில்தான் சந்திப்பு. எதிராளி என்ன கேட்பார் என்பது யாருக்கும் தெரியாது. ஆகையால் வள்ளியாக வருகிறவள் குரல் இருந்தால் மட்டும் போதாது. புத்தி வேண்டும். சொல் வேண்டும். பாயில் தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பி, "பார், வள்ளி எப்படி மடக்குகிறாள்" என்று காட்டுகிற தாய்மார் உண்டு.

சினிமா வந்தது

பேசும் படம் வந்ததும் இந்த நாடகத்தை விட்டுவைப்பார்களா? 1933-லேயே 'வள்ளி திருமணம்' படமாகிவிட்டது. டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்தார். 1945-ல் ஏவி. மெய்யப்பச் செட்டியார் 'ஸ்ரீ வள்ளி' எடுத்தார். டி. ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. படம் பிரமாத வெற்றி.

வெற்றிக்குக் காரணம் பாட்டு. மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா முருகனாகவும் கே. பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும் பாடினால் கொட்டகை நிரம்பி வழியும் என்பார்கள். கிட்டப்பா 1933-ல், 27 வயதிலேயே காலமாகிவிட்டார். பேசும் படம் ஒன்றில்கூட அவர் நடிக்கவில்லை. கிராமபோன் தட்டுகள்தான் மிச்சம். காட்டில் வேடன் வள்ளியைப் பார்த்துப் பாடும் பாட்டை மகாலிங்கம் படத்தில் பாடினார். கிட்டப்பாவை இழந்த ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தப் பாட்டுக்காகவே படத்தை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் வள்ளி?

படப்பிடிப்பின்போது ருக்மிணியே பாடினார். செட்டியாருக்கு அந்தப் பாட்டு திருப்தி தரவில்லை. பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ருக்மிணியின் உதட்டசைவுக்கு ஏற்ப அந்தக் குரலைச் சேர்த்தார். அந்தக் காலத்தில் இது பெரிய சாதனை. பெரியநாயகியின் குரலும் லேசான குரல் அல்ல. ஜனங்கள் ரசித்தார்கள். நாமும் ரசிக்கிறோம். இருந்தாலும், மேடையில் தன் வாயால் பாடித் தன் வாயால் வாதாடிய வள்ளிக்கு, திரையில் முகம் ஒருவருடையது, பாட்டு இன்னொருவருடையது ஆயிற்று.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 1956 முதல் 'மை பேர் லேடி' என்ற பாட்டு நாடகம் ஓஹோ என்று நடந்தது. ஜூலி ஆண்ட்ரூஸ் அதில் பாடி நடித்துப் புகழ் பெற்றார். 1964-ல் படம் எடுத்தபோது அவரைக் கூப்பிடவில்லை. ஆட்ரி ஹெப்பர்ன் நடித்தார். பெரும்பாலான பாட்டுகளை மார்னி நிக்சன் என்ற அம்மாள் திரைக்குப் பின்னால் பாடினார். நாடக ரசிகர்களுக்கு ஆத்திரம். ஆனால் சிறந்த படம் என்ற ஆஸ்கார் பரிசு அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. சிறந்த நடிகை பரிசு? அதே வருஷம் வேறு படத்தில் நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு!

1961-ல் மறுபடியும் 'ஸ்ரீ வள்ளி'. இந்தத் தடவை வர்ணத்தில். சிவாஜி கணேசன் முருகன், பத்மினி வள்ளி. பழைய முருகனான டி. ஆர். மகாலிங்கம் இதில் நாரதர்! பார்க்க அழகான படம். ஆனாலும் 1945-ல் வந்த படத்துக்குக் கிடைத்த வரவேற்பு இதற்குக் கிடைக்கவில்லை.

தர்க்கம் எங்கே?

நாடகம் பார்த்துப் பழகியவர்கள் படத்தைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்றுதான். "பாட்டு இருக்கிறது, காடு இருக்கிறது, யானைகூட இருக்கிறது. தர்க்கம் எங்கே?"

சினிமாக்காரரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. விடிய விடிய நடப்பதை இரண்டு மூன்று மணி நேரத்தில் அடக்கவேண்டும். எதைக் குறைப்பது? பாட்டில் கை வைத்தால் ரசிகர் விடமாட்டார். ஆகவே பேச்சுதான் குறைந்தது. வள்ளி இரண்டு வார்த்தை சொல்கிறாள். பாடுகிறாள். யானையைக் கண்டு அலறுகிறாள். கல்யாணம் நடக்கிறது. படம் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வள்ளி என்றால் யானைக்குப் பயந்த பெண். நாடகம் பார்த்த பிள்ளைக்கு அவள் நாரதரையே மடக்கிய பெண். இரண்டும் ஒன்றா?

படம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாடகம் போகாத ஊருக்கெல்லாம் படம்தான் போயிற்று. டூரிங் கொட்டகையில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து கண்ணீர் விட்டவர்களின் பேத்திகள் இன்று அதே பாட்டைச் செல்போனில் கேட்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் செல்போனில் உள்ள வள்ளி, கேட்பவளுக்குத் தகுந்தாற்போல் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. மேடை வள்ளி மாற்றுவாள். முன் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பேசுவாள். கம்பெனிப் பெண்கள் உட்கார்ந்திருந்தால், பரண் மேல் நிற்கிற கஷ்டத்தோடு ஷிப்டில் நிற்கிற கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லமாட்டாளா? இரவு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணிடம் வம்பு பேசுகிறவனுக்கு என்ன பதில் என்று சொல்லமாட்டாளா?

காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குத் தெருக்கூத்து சொந்தம். பாரதக் கூத்து நடந்தால் இங்கேயும் விடிய விடியக் கண் விழிப்பார்கள். மதுரை, புதுக்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கோ வள்ளி நாடகம் பிறந்த ஊர் ஞாபகம். இரண்டு கூட்டமும் இன்று ஒரே தெருவில் குடியிருக்கிறது. திருவிழாக் கமிட்டியார் பாட்டுக் கச்சேரிக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு ராத்திரி வள்ளி நாடகம் வைத்தால் என்ன? கூத்து ஒரு நாள், நாடகம் ஒரு நாள். இரண்டுக்கும் கூட்டம் வரும்.

சனிக்கிழமை ராத்திரி வைப்பது நல்லது. எல்லாக் கம்பெனியிலும் ஞாயிறு விடுமுறை இல்லை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். ஆகையால் தர்க்கத்தைப் பத்து மணிக்கே தொடங்கச் சொல்லுங்கள். பபூன் பிறகு வரட்டும். கொஞ்சம் கோபித்துக்கொள்வார். அதையும் ஒரு பாட்டாகப் பாடிவிடுவார்!